எஃப்.பி.ஜி.ஏ. கற்க எதில் தொடங்குவது: சிமுலேட்டரா போர்டா, வெரிலாக்கா வி.ஹெச்.டி.எல்லா?

"எஃப்.பி.ஜி.ஏ. கத்துக்கணும், எந்த போர்டு வாங்கலாம்?" இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர்களும், மென்பொருள் வேலையில் இருந்துகொண்டு சிப் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நியாயமான கேள்விதான், ஆனால் போர்டு மூன்றாவதாக எடுக்க வேண்டிய முடிவு. எஃப்.பி.ஜி.ஏ. என்பது, உள்ளே என்ன சர்க்யூட் இருக்க வேண்டும் என்று நாமே நிரலாக எழுதி மாற்றிக்கொள்ளக்கூடிய சிப், போர்டு அது பொருத்தப்பட்ட பலகை. அப்படி எழுதியதை முதலில் எங்கே ஓட்டிப் பார்ப்பது, எந்த மொழியில் எழுதுவது என்ற இரண்டும் தெளிவானால் போர்டு கிட்டத்தட்டத் தானாகவே முடிவாகிவிடும். சுற்றி வளைக்காமல் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: முதல் சில வாரங்களுக்கு போர்டே வேண்டாம், கணினியில் சிமுலேட்டர் (சர்க்யூட்டை ஓட்டிக் காட்டும் மென்பொருள்) போதும், மொழி வெரிலாக் (சர்க்யூட்டை விவரிக்கும் மொழி, வி.ஹெச்.டி.எல்.லும் அதே வகைதான்), சொந்தக் காசில் போர்டு வாங்குவதானால் டாங் நானோ 9கே, கல்லூரி லேபில் பேசிஸ் 3 சும்மா கிடக்கிறது என்றால் அதுவே போதும். மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். காரணங்கள் உங்கள் நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றால் முடிவை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் சிமுலேட்டரா போர்டா. பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். போர்டு வந்த அன்றே ஒரு எல்.இ.டி.யை மினுக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அது மினுங்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எழுதிய நிரல் தப்பா, கிளாக்கை (சர்க்யூட்டைத் தாளம் தப்பாமல் ஓட்டும் துடிப்பு) தவறான பின்னில் கொடுத்துவிட்டோமா, ரீசெட் தலைகீழாகி சர்க்யூட் முழுக்க ரீசெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறதா, இல்லை எல்.இ.டி. எரிவதற்கு 1 கொடுக்க வேண்டிய இடத்தில் 0 கொடுக்க வேண்டுமா, எதுவும் வெளியிலிருந்து தெரியாது. சி நிரலில் செய்வதுபோல நடுவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. டாங் நானோ 9கே போர்டில் எல்.இ.டி.கள் 0 கொடுத்தால் எரியும், 1 கொடுத்தால் அணையும். இது தெரியாதவர் சரியாக எழுதிய கவுன்ட்டரைத் தப்பென்று நினைத்துக் கலைத்து, கடைசியில் உண்மையிலேயே தப்பாக்கிவிடுவார்.

சிமுலேட்டரில் இந்தக் குழப்பம் கிடையாது. ஒவ்வொரு வயரும் ஒவ்வொரு கிளாக் விளிம்பிலும் என்ன ஆனது என்பதை அலைவடிவமாக விரித்துப் பார்க்கலாம். சிமுலேட்டரான ஐகரஸ் வெரிலாக், அலைவடிவம் காட்டும் ஜி.டி.கே.வேவ் இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். எதையும் நிறுவ முடியாத நிலை என்றால் உலாவியிலேயே ஓடும் இ.டி.ஏ. பிளேகிரவுண்ட் இருக்கிறது, சிறு சிறு பயிற்சிகளாகச் செய்துபார்க்க ஹெச்.டி.எல்.பிட்ஸ் இருக்கிறது. இந்த ஹெச்.டி.எல்.பிட்ஸ் பயிற்சிகளில் பாதியையாவது முடிக்காமல் போர்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்பேன்.

சிமுலேட்டரில் தொடங்குகிறவர் முதல் நாளே பழக வேண்டிய ஒன்று உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடும் சர்க்யூட்டில் ஒரு எல்.இ.டி. அரை நொடிக்கு ஒருமுறை மாற வேண்டுமானால் 1,35,00,000 கிளாக்குகளை எண்ண வேண்டும், அதற்கு 24 பிட் ரெஜிஸ்டர் வேண்டும். இதை அப்படியே சிமுலேட்டரில் ஓட்டினால் வெகுநேரம் காத்திருக்க வேண்டும், அலைவடிவக் கோப்பும் தேவையில்லாமல் பெருத்துவிடும். அதனால் அந்த எண்ணிக்கையை ஒரு பாராமீட்டராக வைத்து, டெஸ்ட்பெஞ்சில் (சர்க்யூட்டுக்கு உள்ளீடு கொடுத்துச் சோதிக்கும் நிரல்) 10 என்றும் போர்டில் 1,35,00,000 என்றும் கொடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைப் பழகியவர் டெஸ்ட்பெஞ்சை ஒரு சுமையாக நினைக்க மாட்டார், பழகாதவர் "சிமுலேஷன் ரொம்ப ஸ்லோ" என்று சொல்லிவிட்டு நேராக போர்டுக்குப் போய் மாட்டிக்கொள்வார்.

அதற்காக சிமுலேட்டரோடு நின்றுவிடலாமா என்றால், கூடாது. அது பொய் சொல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, வன்பொருளாக மாறவே முடியாத நிரலையும் அது முகம் சுளிக்காமல் ஓட்டும். பத்து நானோநொடி பொறு என்று எழுதினால் சிமுலேட்டர் பொறுக்கும், ஆனால் சிந்தஸிஸ் கருவி (நிரலைச் சர்க்யூட்டாக மாற்றும் மென்பொருள்) அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் போய்விடும், ஏனென்றால் அப்படிப் பொறுக்கும் கேட் எதுவும் சிப்பில் இல்லை. இரண்டு, வெளி உலகத்தின் அழுக்கு அதற்குத் தெரியாது. ஒரு பட்டனை அழுத்தும்போது உள்ளே இருக்கும் உலோகம் சில மில்லிநொடிகள் தட்டித்தட்டித்தான் நிலைக்கு வரும். 27 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடி என்பது 27,000 கிளாக், ஆகவே நீங்கள் ஒருமுறை அழுத்தியதை உங்கள் கவுன்ட்டர் ஏழோ பதினைந்தோ என்று எண்ணி வைத்திருக்கும். அந்தப் பட்டன் சிக்னல் கிளாக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வருவதால், இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களை (கிளாக் விளிம்பில் ஒரு பிட்டைப் பிடித்து வைப்பவை) வரிசையாக வைத்து அதை உள்ளே எடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் அந்தத் தட்டலை, அதாவது பவுன்ஸை வடிகட்ட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி, போர்டில் பார்த்தால் மறக்கவே மறக்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: யோசிஸ். இது திறந்த மூல சிந்தஸிஸ் கருவி. எழுதிய நிரலை அதில் கொடுத்தால் எத்தனை ஃபிளிப்-ஃபிளாப், எத்தனை லட் (எல்.யு.டி., சிறு லாஜிக்கை அட்டவணையாக வைத்திருக்கும் அலகு) ஆனது என்று சொல்லும், வேண்டுமானால் சர்க்யூட்டைப் படமாகவும் வரைந்து காட்டும். எட்டு பிட் கவுன்ட்டர் எழுதிவிட்டு, எட்டு ஃபிளிப்-ஃபிளாப் வருமென்று எதிர்பார்க்கும் இடத்தில் எட்டு லாட்ச் (கிளாக் விளிம்புக்குக் காத்திருக்காமல் மதிப்பைப் பிடிப்பது) வந்து நின்றால் தப்பு எங்கே என்று அப்போதே பிடிபட்டுவிடும். இந்தத் துறையில் தேறுகிறவர்கள் நிரலை எழுதும்போதே மனதில் சர்க்யூட்டைப் பார்க்கிறவர்கள். அந்தப் பார்வையைப் பழக்கிவிட இந்தப் படத்தைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை, போர்டு இல்லாமலே கிடைக்கிறது என்பது கூடுதல் லாபம்.

சரி, மொழிக்கு வருவோம். வெரிலாக் 1980களின் நடுவில் கேட்வே என்ற தனியார் நிறுவனத்தில் சிமுலேஷனுக்காகப் பிறந்தது. வி.ஹெச்.டி.எல். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் திட்டத்திலிருந்து வந்து 1987-ல் ஐ.இ.இ.இ. தரமானது. முன்னதில் சி மொழியின் சாயல், பின்னதில் ஏடா என்ற நிரல் மொழியின் சாயல். பிறந்த இடத்தின் குணம் இரண்டிலும் இன்றைக்கும் தெரிகிறது: ஒன்று நீ சொன்னதைச் செய்கிறேன் என்று விட்டுவிடும், மற்றொன்று ஒவ்வொரு படியிலும் நிறுத்தி நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்கும்.

இந்த வித்தியாசத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். இரண்டு எட்டு பிட் எண்களைக் கூட்டி, விடையை நான்கு பிட் சிக்னலில் போடுகிறீர்கள். வி.ஹெச்.டி.எல்.லில் அகலம் பொருந்தவில்லை என்று பிழை வந்து நின்றுவிடும். வெரிலாக்கில் மேல் நான்கு பிட்டும் சத்தமில்லாமல் காணாமல் போகும். இதைவிட மோசமானது எழுத்துப் பிழை: ஒரு மாட்யூலை இணைக்கும்போது வயரின் பெயரில் ஓரெழுத்து மாறிவிட்டால், வெரிலாக் அந்தப் புதுப் பெயரில் தானாகவே ஒரு பிட் வயரை உருவாக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். எங்கேயும் இணையாத அந்த வயரைத் தேடி ஒரு மாலை முழுக்கப் போய்விடும். கோப்பின் முதல் வரியில் டிஃபால்ட்_நெட்டைப் நன் என்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பிழைச் செய்தியாக மாறிவிடும், வெரிலேட்டர் என்ற கருவியை லின்ட் முறையில் (நிரலை ஓட்டாமலே தப்புத் தேடும் முறை) ஓட்டினால் அகலப் பொருத்தமின்மையும் வெளியே வந்துவிடும். இந்த இரண்டையும் கட்டாயமாக்கிக்கொண்டால் வி.ஹெச்.டி.எல். தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி வெரிலாக்கிலேயே கிடைக்கிறது.

அப்படியானால் கண்டிப்பான மொழியையே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தவறில்லை. ஐரோப்பாவில் வேலை செய்யப் போகிறீர்கள், அல்லது விண்வெளி, பாதுகாப்புத் துறை என்று மனதில் இருக்கிறது என்றால் வி.ஹெச்.டி.எல். நல்ல தேர்வு; ஐரோப்பிய விண்வெளிப் பயணங்களில் பறக்கும் லியான் செயலி வி.ஹெச்.டி.எல்.லில் எழுதப்பட்டதுதான். ஜி.ஹெச்.டி.எல். என்ற நல்ல இலவச சிமுலேட்டரும் இருக்கிறது. ஆனால் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை சிப் நிறுவனங்களில் வேலை என்றால் பேச்சு வெரிலாக்கின் விரிவான சிஸ்டம் வெரிலாக்கில்தான் நடக்கிறது, வெரிஃபிகேஷன் (வடிவமைப்பைச் சோதிக்கும் வேலை) பக்கம் போனால் அதோடு யு.வி.எம். என்ற சோதனை முறை இல்லாமல் கதவே திறக்காது. இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது: படித்துப் பார்க்கக் கிடைக்கும் திறந்த மூல வடிவமைப்புகளில், குறிப்பாக பிகோஆர்வி32, செர்வ் போன்ற சின்ன ரிஸ்க்-ஃபைவ் (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த கட்டளைத் தொகுப்பு) செயலிகளில், வெரிலாக்தான் நிறைய. மற்றவர் எழுதியதைப் படிக்காமல் இந்தக் கலை வராது.

ஆகவே வெரிலாக். அதிலும் 1995 காலத்து நடையில் எழுதாமல், லாஜிக், ஆல்வேஸ்_எஃப்எஃப், ஆல்வேஸ்_காம்ப் என்ற சிஸ்டம் வெரிலாக் வடிவங்களிலேயே தொடங்குங்கள், ஏனென்றால் இது ஃபிளிப்-ஃபிளாப், இது வெறும் கேட் என்று எழுதும்போதே சொல்லிவிடுகிறீர்கள், கருவியும் அதைச் சரிபார்க்கிறது. லேபில் வி.ஹெச்.டி.எல்.தான் சொல்லித் தருகிறார்கள் என்றால் அதோடு சண்டை போட வேண்டாம், சர்க்யூட் ஒன்றுதான், மொழி மாறுவது பிறகு சில வார வேலை.

எந்த மொழியை எடுத்தாலும் தடுக்கி விழும் இடங்கள் சில பொதுவானவை. மூன்று ஃபிளிப்-ஃபிளாப் கொண்ட ஷிஃப்ட் ரெஜிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாக் பிளாக்குக்குள் மூன்று வரிகளை வெறும் சமக்குறி போட்டு எழுதினால், வரிசையைப் பொறுத்து, உள்ளே வந்த பிட் ஒரே கிளாக்கில் மூன்றாவது வரைக்கும் ஓடிவிடும், சிந்தஸிஸ் செய்தால் மிஞ்சுவது ஒரே ஒரு ஃபிளிப்-ஃபிளாப். அதே வரிகளில் <= போட்டால் மூன்றும் பழைய மதிப்பைப் பார்த்து ஒரே நேரத்தில் மாறும், ஒவ்வொரு கிளாக்குக்கும் பிட் ஒரு படி நகரும். வி.ஹெச்.டி.எல்.லில் இதே குழப்பம் வேரியபிளுக்கும் சிக்னலுக்கும் நடுவே வரும். எல்ஸ் விட்டுப்போனதால் லாட்ச் முளைப்பதும் இரண்டிலும் உண்டு. மேலிருந்து கீழே வரிவரியாக ஓடும் நிரல் என்ற நினைப்பு விலகும்வரை இவை வந்துகொண்டேதான் இருக்கும், மென்பொருளிலிருந்து வருகிறவர்களுக்கு இது விலகக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும்.

சிசெல், புளூஸ்பெக் போன்ற புதிய மொழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி செயலிகள் புளூஸ்பெக்கில் எழுதப்பட்டவை, அதனால் அந்த ஆர்வம் புரிகிறது. ஆனால் அவை கடைசியில் வெரிலாக்கைத்தான் உருவாக்கித் தருகின்றன, போர்டில் ஏதாவது தப்பு நடந்தால் அந்த இயந்திரம் எழுதிய வெரிலாக்கைத்தான் நீங்கள் திறந்து படிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது மொழியாக அருமையானவை. சி நிரலை வன்பொருளாக்கும் ஹெச்.எல்.எஸ். கருவிகளும் அப்படித்தான், முதல் வருடத்தில் தொட வேண்டாம்.

இப்போது போர்டு. இணையத்தில் எல்லோரும் லாஜிக் செல் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுகிறார்கள், கற்கிறவருக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். முதலில் பார்க்க வேண்டியது, ஒரு வரியை மாற்றிவிட்டு அது போர்டில் ஓடுவதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. ஏ.எம்.டி.யின் வடிவமைப்பு மென்பொருளான விவாடோவின் இலவசப் பதிப்பையே நிறுவப் பல பத்து ஜி.பி. இடம் வேண்டும், சாதாரண லேப்டாப்பில் ஒரு எல்.இ.டி. மினுக்குவதற்கே பிட்ஸ்ட்ரீம் (சிப்பில் ஏற்றும் கோப்பு) வர நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாட்டிஸின் ஐஸ்40 சிப்புக்கு யோசிஸும், சர்க்யூட்டைச் சிப்பில் இடம்பொருத்தும் நெக்ஸ்ட்பி.என்.ஆரும் அதையே சில நொடிகளில் முடித்துவிடும். ஒரு மாலையில் நாற்பது முறை மாற்றிப் பார்க்கிறவருக்கும் எட்டு முறை மாற்றிப் பார்க்கிறவருக்கும் கற்கும் வேகம் ஒன்றாக இருக்காது.

ஐஸ்பிரேக்கர் போர்டு இந்த வகையில் மிகச் சுத்தமானது. 5,280 லட், முழுக்கத் திறந்த மூலக் கருவிகள், ஆவணங்களும் நன்றாக இருக்கும். ஐஸ்40-யின் பிட்ஸ்ட்ரீம் வடிவத்தை 2015-ல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம் அவிழ்த்ததிலிருந்துதான் இந்தத் திறந்த மூல வழியே பிறந்தது. ஆனால் நம் ஊரில் இருந்து வாங்கினால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையோடு வரியும் சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில்தான் டாங் நானோ 9கே முன்னால் வருகிறது: கோவின் நிறுவனத்தின் சிப், 8,640 லட், 6,480 ஃபிளிப்-ஃபிளாப், ஆறு எல்.இ.டி., இரண்டு பட்டன், ஹெச்.டி.எம்.ஐ. துளை, யு.எஸ்.பி. வயரைச் செருகினாலே போதும், தனி புரோகிராமர் வேண்டாம். கோவினின் கல்விப் பதிப்பு மென்பொருளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, யோசிஸ் வழியும் வேலை செய்கிறது. சின்ன ரிஸ்க்-ஃபைவ் செயலி ஒன்று உள்ளே தாராளமாக அடங்கும். குறைகளையும் சொல்லிவிட வேண்டும்: ஸ்விட்ச், ஏழு துண்டு டிஸ்ப்ளே எதுவும் கிடையாது, பிரெட்போர்டில் நீங்களே கட்ட வேண்டும், சில பின்கள் 1.8 வோல்ட் பாங்கில் இருப்பவை, 3.3 வோல்ட் என்று நினைத்து எதையும் இணைத்துவிடக் கூடாது, சர்க்யூட் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும். நிறுவன ஆவணங்கள் ஏ.எம்.டி., ஆல்டெரா அளவுக்குத் தெளிவாக இருக்காது.

பேசிஸ் 3 இதற்கு நேர் எதிர். விலை டாங் நானோவைப்போல் பல மடங்கு, ஆனால் 16 ஸ்விட்ச், 16 எல்.இ.டி., ஐந்து பட்டன், நான்கு இலக்க டிஸ்ப்ளே, வி.ஜி.ஏ. என்று எல்லாம் போர்டிலேயே இருக்கிறது, பாடத்திட்டத்தில் வரும் எந்தப் பயிற்சியையும் வயர் தொடாமல் செய்துவிடலாம். உள்ளே 20,800 லட் உள்ள ஆர்ட்டிக்ஸ்-7. வி.ஜி.ஏ. இருப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 640x480 படத்துக்கு வரிக்கு 800, சட்டகத்துக்கு 525 என்று இரண்டு கவுன்ட்டர் போதும், 100 மெகாஹெர்ட்ஸை நான்கால் வகுத்து 25 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பெரும்பாலான மானிட்டர்கள் ஏற்றுக்கொள்ளும், திரையில் நீங்கள் எழுதிய சதுரம் வந்து நிற்கும். டாங் நானோவின் ஹெச்.டி.எம்.ஐ.யில் அதே சதுரத்தைக் காட்ட டி.எம்.டி.எஸ். குறியாக்கம், ஐந்து மடங்கு வேகக் கிளாக், சீரியலைசர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விவாடோ கனமானது என்றாலும் அதன் டைமிங் அறிக்கையும், ஓடிக்கொண்டிருக்கும் சிப்புக்குள்ளேயே சிக்னலைப் பார்க்க உதவும் ஐ.எல்.ஏ.வும் வேலைக்குப் போனால் அன்றாடம் தேவைப்படுபவை.

டி.இ.10-லைட் நடுவில் வரும். 50,000 லாஜிக் எலிமென்ட், ஆறு டிஸ்ப்ளே, 64 எம்.பி. எஸ்.டி.ராம், ஆக்ஸிலரோமீட்டர்; அதற்கான ஆல்டெரா மென்பொருளான குவார்ட்டஸின் லைட் பதிப்பு இலவசம். உங்கள் கல்லூரி ஆல்டெரா பக்கம் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள். ஜின்க் சிப் உள்ள பின்க்-இசட்2 போன்றவற்றை முதல் போர்டாக வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உள்ளேயே இரண்டு ஆர்ம் கோர் இருக்கிறது, லினக்ஸ் ஓடுகிறது, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஃபிளிப்-ஃபிளாப் கைவசப்படுவதற்கு முன்பே ஆக்ஸி பஸ், பிளாக் டிசைன், டிரைவர் என்று பாதை வேறெங்கோ போய்விடும்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று போர்டு வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் ஒன்றைப் பாருங்கள்: அந்தச் சிப்பை இன்றைய மென்பொருள் ஆதரிக்கிறதா? ஸ்பார்ட்டன்-3, ஸ்பார்ட்டன்-6 இரண்டையும் விவாடோ ஏற்காது, விவாடோவுக்கு முந்தைய மென்பொருளான, 2013-ல் நின்றுபோன ஐ.எஸ்.இ. 14.7-ஐத் தேடி நிறுவ வேண்டும். சைக்ளோன் 2 என்றால் குவார்ட்டஸ் 13.0-வோடு முடிந்தது. சைக்ளோன் 4 பரவாயில்லை, இன்னும் குவார்ட்டஸ் லைட்டில் ஓடுகிறது. லேபில் பழைய ஸ்பார்ட்டன் போர்டு இருந்து, ஐ.எஸ்.இ.யும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதில் கற்பதில் எந்தக் குறையும் இல்லை, புதிதாகக் காசு கொடுத்து அந்தச் சிரமத்தை வாங்க வேண்டாம் என்பதுதான்.

பாடத்துக்கு, என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி. இந்திரனில் சென்குப்தாவின் வெரிலாக் பாடம் இலவசமாக இருக்கிறது, நிதானமாகச் சொல்லித் தருவார். அதைப் பார்த்துக்கொண்டே கை வேலையாக எல்.இ.டி., பட்டன், அப்புறம் யுஆர்ட் (ஒரே வயரில் பிட் பிட்டாக அனுப்பும் தொடர் இணைப்பு) என்று போங்கள். யுஆர்ட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், 27 மெகாஹெர்ட்ஸை, நொடிக்கு 1,15,200 பிட் என்ற வேகத்தால் வகுத்தால் 234.375 வரும், அதை 234 என்று வைத்தால் பிழை 0.16 சதவீதம்தான், ஒரு பைட்டின் பத்து பிட்டுக்குள் அது எந்தத் தொந்தரவும் செய்யாது என்று நீங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வீர்கள். கணினியின் டெர்மினலில் முதல் எழுத்து வந்துவிட்டால், அதற்குப் பிறகு போர்டுக்குள் நடப்பதை வெளியே அனுப்பிப் பார்க்க உங்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

பெரிய போர்டு எப்போது? நெக்ஸ்ட்பி.என்.ஆர். இடமில்லை என்று சொல்லும்போது, அல்லது டி.டி.ஆர். நினைவகம் கட்டாயம் வேண்டும் என்ற வேலை வரும்போது. அப்போது ஆர்ட்டி ஏ7-இன் 100டி வகையைப் பாருங்கள், 256 எம்.பி. டி.டி.ஆர்.3 உண்டு, சக்தியின் சி-கிளாஸ் செயலியும் அதில் ஏற்றிப் பார்க்கக் கிடைக்கிறது. வேறு திசையில் போக விரும்பினால் டைனி டேப்அவுட் இருக்கிறது: பலருடைய சின்ன வடிவமைப்புகளை ஒரே சிப்பில் அடுக்கி உண்மையான சிலிக்கானாக அச்சடித்துத் தரும் திட்டம், ஒரு கட்டம் சுமார் 160க்கு 100 மைக்ரோமீட்டர், எட்டு உள்ளீடு, எட்டு வெளியீடு, இரு பக்கமும் போகும் எட்டு பின். உங்கள் யுஆர்ட் அதில் அடங்கும். ஆனால் சிலிக்கானில் போனதைத் திருத்த முடியாது, கைக்கு வரவும் மாதக்கணக்கில் ஆகும், அதனால் போர்டில் ஓட்டிப் பார்த்த ஒன்றையே அதற்கு அனுப்புங்கள்.